மனம் சோர்ந்தால் மருத்துவரிடம் போவோம்



பொன்விழாவில் மகிழ்ச்சியான செய்திகளைப் பேசப் பலர் இருக்கிறார்கள். வியாபாரம் செய்யும் இளையவர்களாகிய நாங்கள், வீடுகளில் குரலைத் தாழ்த்திப் பேசும் ஒன்றைப் பேச வந்திருக்கிறோம். அது மனநோய்.

ஜொகூரில் ஒருவரைக் கேலி செய்ய, "தம்போய்க்கு அனுப்பணும்" என்கிறோம். 1937ல் தம்போயில் தொடங்கிய மனநல மருத்துவமனைதான் இன்றைய பெர்மாய் மருத்துவமனை. அந்த ஊர்ப் பெயரை நாமே வசைச் சொல்லாக்கிவிட்டதால், நம் வீட்டில் ஒருவருக்கு முடியாமல் போகும்போது அந்தப் பக்கம் போகவே கூசுகிறோம். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ 10 லட்சம் பேருக்கு மனச்சோர்வு. நம் வீடுகள் மட்டும் விலக்கா?

துக்கம் எல்லாம் நோயல்ல. மௌத்து விழுந்த வீட்டில் அழுகை இருக்கும். வியாபாரம் படுத்தால் கவலை இருக்கும். ஆனால் மனம் கனத்தே கிடப்பதும், எதிலும் நாட்டமில்லாமல் போவதும் 2 வாரம் விடாமல் நீடித்து, தூக்கமும் பசியும் கெட்டு, அன்றாட வேலை ஓடவில்லையென்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிள்ளை பெற்ற தாய்க்கும் இது வரும். சோம்பல் என்று அவரை ஏசக் கூடாது.

நம் ஆட்கள் "மனசு சரியில்லை" என்று சொல்வது குறைவு. தலைவலி, வயிற்றெரிச்சல் என்பார்கள். ஆண்கள் எரிந்து விழுவார்கள். கல்லாவில் கணக்குப் பிசகும். நெஞ்சு படபடத்து மூச்சு முட்டினால் முதலில் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். அதில் கோளாறில்லை என்றால் பதற்ற நோயாக இருக்கலாம். அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிலவற்றுக்கு 2 வாரம் காத்திருக்கக் கூடாது. இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். போலீஸ் வழக்காகும் என்ற பயம் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆவது சட்டப் பிரிவை 2023ல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது.

ஓதிப் பார்ப்பதை விடச் சொல்லவில்லை. சர்க்கரை நோய்க்கு துஆவும் கேட்கிறோம், மாத்திரையும் போடுகிறோம். இதற்கு மட்டும் ஈமான் குறைவு என்று சொல்லலாமா? 1,000 ஆண்டுகளுக்கு முன்பே அபூ ஸைத் அல் பல்கி என்ற அறிஞர், காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணமில்லாமல் உடலிலிருந்து எழும் துக்கம் வேறு என்று பிரித்து எழுதினார்.

நேரே தம்போய்க்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பக்கத்திலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் சொன்னால் போதும். தேவையென்றால் அவர்களே மேலே அனுப்புவார்கள். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555, காலை 8 முதல் நள்ளிரவு 12 வரை. உயிருக்கு ஆபத்தென்றால் எந்நேரமும் 999. கொடுத்த மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

கடைசியாக முதலாளிமாருக்கு ஒன்று. ஊரிலிருந்து வந்து நம் கடைகளில் நிற்கும் பிள்ளைகளுக்கு இங்கே அத்தாவும் இல்லை, உம்மாவும் இல்லை. முகம் வாடினால் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். அரைநாள் கடை வேலை நின்றாலும் பரவாயில்லை, நாமே கிளினிக்குக் கூட்டிப் போவோம்.