சூடு ஆறாத மர்மம்

நடுவர் அவர்களே, புதுக்கோட்டைப் பெருமக்களே!

"முடிவு தெரிஞ்ச மர்மக் கதையைத் திரும்ப எடுக்கிறது, ஆறிப்போன காபியைச் சூடு பண்ற வேலை" என்றார் எதிரணி நண்பர். அய்யா, உங்க ஊர் தந்த பி.யு. சின்னப்பா 1940-இல் இரட்டை வேடமிட்ட 'உத்தமபுத்திரன்', பிரெஞ்சு எழுத்தாளர் டூமாவின் நாவலிலிருந்து பிறந்தது. 1958-இல் அதையே சிவாஜி நடித்தார். கதை தெரியுமேன்னு ஜனங்க வீட்டிலேயா உட்கார்ந்துட்டாங்க? (சிரிப்பு)

'புதிய பறவை'க்கு வாங்க. 1958-இல் வந்த மூல ஆங்கிலப் படத்தில், இறந்துபோன சகோதரன் நான்தான் என்று ஒருவன் ஒரு பெண்ணின் வீட்டுக்குள் நுழைவான். அந்தக் கதை வங்காளம் போய், 1964-இல் தமிழுக்கு வந்தபோது, வாசலில் வந்து நின்றது யார்? இறந்துபோன மனைவி! சௌகார் ஜானகி!

சகோதரன் வந்தால் சொத்துத் தகராறு. மனைவி வந்தால் மனசாட்சித் தகராறு! (கைதட்டல்)

முதல் தடவை, "இவள் யார்?" என்று பார்த்தோம். அடுத்த தடவை, "அடப்பாவி, காதலிச்சவகிட்டயாவது முழு உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றுதானே தவிக்கிறோம்? தாய்மார்களே, அந்தத் தவிப்பு நம்ம வீட்டுத் தவிப்பு. அதைக் கொண்டுவந்தது ரீமேக். நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள்.