வழியைத் தேர்ந்தெடுப்பது தூரமா? மனமா? – மனமே!



எனக்கு முன்னால பேசிய நண்பர் ஒரு கேள்வி போட்டாரு. “மிதிக்கிறவனுக்குத்தான் கால் வலி தெரியும். கிட்டத்து வழியை விட்டுட்டு எந்தச் சைக்கிள்காரனாவது சுத்து வழியில போவானா?”

போவான் ஐயா! போயிருக்கான்! (கைதட்டல்)

அமெரிக்காவிலே போர்ட்லாந்துன்னு ஒரு நகரம். அங்கே 164 பேருக்கு ஜி.பி.எஸ். கருவியைக் கொடுத்து, சைக்கிளில் எந்தத் தெரு வழியாகப் போகிறார்கள் என்று ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். முடிவு 2012-இல் வெளிவந்தது. தூரம் முக்கியம்தான், நான் மறுக்கலை. ஆனால் மேடு வந்தால் ஒதுங்குகிறார்கள். அடிக்கடி திரும்ப வேண்டுமென்றால் ஒதுங்குகிறார்கள். மோட்டார் வண்டிகள் நிறைந்த சாலையென்றால் ஒதுங்குகிறார்கள். சைக்கிளுக்கென்று தனிப்பாதை இருந்தால், கொஞ்சம் சுற்றானாலும் அதைத் தேடிப் போகிறார்கள். தூரத்தை அளப்பது கால். வழியைத் தேர்ந்தெடுப்பது மனம்! (பலத்த கைதட்டல்)

“கணக்கு பொய் சொல்லாது” என்றும் சொன்னார். உண்மை. 1952-இல் வார்ட்ராப் என்ற அறிஞர் போக்குவரத்துக்கு ஒரு கணக்குச் சொன்னார். ஒவ்வொருவரும் தனக்கு நேரம் குறைந்த வழியையே தேடுவார்கள். கடைசியில் பயன்படுகிற வழிகளில் எல்லாம் நேரம் சமமாகிவிடும் என்றார். அருமையான கணக்கு! ஆனால் அதிலே நேரத்துக்கு இடம் இருக்கு. பயத்துக்கு எங்கே ஐயா இடம்?

“சைக்கிளுக்குக்கூட நெரிசலா?”ன்னு சிரிக்காதீங்க. டென்மார்க்கின் கோபன்ஹேகனில், ராணி லூயிஸ் பாலத்தில் ஒரே நாளில் 40,000 சைக்கிளுக்கு மேல் கடக்கின்றன. அந்த வழித்தடத்தில் என்ன செய்தார்கள்? சைக்கிள் பாதையை அகலப்படுத்தினார்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் நெரிசல் நேரத்தில் பச்சை விளக்கு அடுத்தடுத்துக் கிடைக்கும்படி சிக்னலை அமைத்தார்கள். அதே ஊரில் துறைமுகத்து ஓரம், சைக்கிளைத் தூக்கிக்கிட்டுப் படிக்கட்டு ஏறி இறங்க வேண்டியிருந்தது. 2014-இல் அங்கே வளைந்து வளைந்து போகிற மேம்பாலம் ஒன்றைத் திறந்தார்கள். பேரு என்ன தெரியுமா? சைக்கிள் பாம்பு! நம்ம ஊரிலே பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும். அங்கே பாம்பு முதுகு மேலேயே படை போகுது! (சிரிப்பு, கைதட்டல்)

இந்த வழக்கு வெறும் சொல் விளையாட்டில்லை நடுவர் அவர்களே! சாலையில் நின்று சைக்கிளை எண்ணி, அந்த எண்ணிக்கையை மட்டும் கணினிக்குள் போட்டால் என்ன ஆகும்? துணிந்து வந்தவன் கணக்கில் வருவான். லாரிக்குப் பயந்து மகளின் சைக்கிளை வீட்டிலேயே பூட்டி வைத்த தாய் கணக்கில் வரமாட்டாள். “ஆளே வரலை, பாதை எதுக்கு?” என்று கோப்பை மூடிவிடுவார்கள். தண்ணி வராத குழாயடியில் குடம் இல்லையே என்று பார்த்து, இந்தத் தெருவுக்குத் தாகமே இல்லைன்னு எழுதுவதா? (நீண்ட கைதட்டல்)

தூரத்தை மட்டும் எண்ணினால் போகிறவன் தெரிவான். மனத்தையும் எண்ணினால்தான் போக முடியாதவள் தெரிவாள். ஆகவே, வழியைத் தேர்ந்தெடுப்பது மனமே, மனமே என்று நல்ல தீர்ப்புத் தாருங்கள்.