எச்சரிக்கை நாயாற்றுக் கரைக்குக் கேட்க வேண்டும்



2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் ஆழிப்பேரலை எங்கள் கிழக்குக் கரையில் ஏறியது. கரையை விட்டு ஓட அந்த நேரம் தாராளம். ஆனால் வானொலியில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை. பசிபிக் சமுத்திரத்துக்கு இருந்தது போன்ற எச்சரிக்கை ஏற்பாடு இந்து சமுத்திரத்துக்கு அன்று இல்லை. அறிவிப்பாளரின் கையில் வாசிக்க ஒரு வரி கிடையாது. இலங்கையில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. முல்லைத்தீவுக் கரை சிதைந்தது.

அடுத்த ஆண்டே அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. இன்று வளிமண்டலவியல் திணைக்களம் தரும் எச்சரிக்கை, அனர்த்த முகாமைத்துவ நிலையம் வழியாக வானொலிக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் கிராம அலுவலருக்கும் போகிறது. 2012 ஏப்ரல் 11இல் மீண்டும் சுமாத்திரா அதிர்ந்தபோது அறிவித்தல் உடனே வந்தது. கரையோரச் சனம் உள்ளே நகர்ந்தது. அன்று பேரலை வரவில்லை. வீண் அலைச்சல் என்று சிலர் முணுமுணுத்தார்கள். உயிரோடு வீடு திரும்பி முணுமுணுப்பது நல்லதுதானே!

முல்லைத்தீவு மாவட்டக் கரையில் உள்ள நாயாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே முல்லைத்தீவு - கொக்கிளாய் வீதி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளத்தில் நாயாற்றுப் பாலம் உடைந்தது. கொக்குத்தொடுவாய், கொக்கிளாய்ப் பக்கத்துக்கான நேர்வழி அறுந்தது. அந்த நாட்களில் நாட்டின் பல இடங்களில் மின்சாரமும் இல்லை, கைத்தொலைபேசித் தொடர்பும் இல்லை. தொலைபேசிக் கோபுரம் ஊருக்கு ஊர் வேண்டும்; மின்சாரம் நின்று அதன் பற்றரியும் இறங்கினால் அந்த ஊர் ஊமை. வானொலிக்கு எங்கோ தூரத்தில் ஓர் ஒலிபரப்பி இயங்கினால் போதும். எத்தனை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் அது நெரிசல்படாது.

ஆனால் குரல் வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. ‘காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாகப் பொத்துவில் வரையான கடற்பரப்பில் பலத்த காற்று வீசக்கூடும்’ என்றால், அது வடக்குக் கிழக்குக் கரை முழுவதற்கும் சொன்னது. நாயாற்று மீன்வாடியில் இருப்பவருக்கு வேறு விதமாகச் சொல்ல வேண்டும்: ‘அளம்பில், செம்மலை, நாயாறு கடற்தொழிலாளர்களே, இன்று பின்னேரத்துக்குள் கரை திரும்புங்கள், படகுகளை மேட்டுக்கு ஏற்றுங்கள்.’ எந்த இடம், எத்தனை மணிக்குள், என்ன செய்வது என்ற மூன்றும் இல்லாத எச்சரிக்கை வெறும் செய்திதான்.

நாயாற்று வாடிகளில் பருவத்துக்குப் பருவம் மேற்குக் கரையிலிருந்து வரும் சிங்களத் தொழிலாளர்களும் இருப்பார்கள். புயல் மொழி பார்த்து அடிப்பதில்லை. டித்வா நேரத்தில் தமிழில் எச்சரிக்கை பிந்தியது என்ற குறை எழுந்தது. மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கும் ஒரு மணித்தியாலத்தில் வெள்ளம் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். இரு மொழியிலும் ஒரே நேரத்தில் சொல்வது ஒலிபரப்பாளர் கடமை.

நேயர்களே, உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. மழைக்காலம் தொடங்குமுன் பற்றரியில் இயங்கும் வானொலி ஒன்றை எடுத்து வையுங்கள். காதில் விழுந்த எச்சரிக்கையை அடுத்த வாடிக்கும் சொல்லுங்கள். ஊர்க்கதை வந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்து உறுதி செய்யுங்கள். ‘கரைக்கு வா’ என்று வானொலி சொன்னால், வலையைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். முதலில் கரைக்கு வாருங்கள்.