வெறுமையாக இருந்த வாங்கு
(நூற்றாண்டு விழாவில் 1980களின் மாணவியர் சார்பில் ஆற்றிய உரை)



விழாவில் பெருமைகளைப் பேசுவதே வழக்கம். நாங்கள் ஒரு தவறைப் பேச அனுமதி கேட்டு வந்திருக்கிறோம்.

1985 மே 15. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, பெண்கள், குழந்தைகள் என்றும் பாராமல் வெட்டினார்கள். குறைந்தது 23 பேர் இறந்தார்கள். வந்தவர்கள் கடற்படையினர் என்று தப்பியவர்கள் சொன்னார்கள்.

எங்கள் வகுப்பு நெடுந்தீவுப் பிள்ளை ஒருத்தியின் பெரியம்மா அந்தப் படகில் வந்தவர். சில கிழமைகள் கழித்து அவள் திரும்பி வந்தாள், ஆனால் பேசவில்லை. வெளியே வாகன இயந்திரம் இரைந்தால் மேசைக்குக் கீழே போய்விடுவாள். ஒருநாள் சட்டை நனைந்துவிட்டது. நாங்கள் சிரித்தோம்.

"அவளுக்கு விசர்" என்று முதலில் சொன்னது யாரென்று நினைவில்லை. எல்லோரும் சொன்னோம். பக்கத்தில் இருந்தவள் வாங்கு மாறினாள். "அவளோடை சேராதை" என்று எங்கள் வீடுகளிலும் சொன்னார்கள். அவள் வீட்டில் நூல் கட்டினார்கள், பார்வை பார்த்தார்கள். மனநோய் வைத்தியரிடம் காட்டினால் தங்கைமாருக்குச் சம்பந்தம் வராது என்ற பயம். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டாள்.

1990 ஓகஸ்டில் தீவுப்பகுதியை இராணுவம் கைப்பற்றியபோது நாங்களும் கையில் அகப்பட்டதோடு ஓடினோம். அதன்பின் ஹெலிச் சத்தம் கேட்டால் எங்களுக்கும் கை நடுங்கியது. மேசைக்குக் கீழே அவள் ஏன் போனாள் என்பது அன்றுதான் விளங்கியது.

இதற்கு மனவடு என்று பெயர். யாழ்ப்பாணத்தில் போரால் இப்படி நொந்தவர்களைப் பார்த்துவந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் ஒரு நூலே எழுதினார். சிறுபிள்ளைகளில் இது பயமாக, பேச்சின்மையாக, சிறுநீர் கழிதலாக வரும். பெரியவர்களில் தலையிடி, நெஞ்சுநோ, நித்திரையின்மை என்று உடம்பில் வரும். மருந்தும் ஆற்றுப்படுத்தலும் உண்டு. தெல்லிப்பழையில் மனநல விடுதியும் இருக்கிறது. ஆனால் எங்களில் ஒருத்தி மாதாமாதம் அங்கு போகும்போது வீட்டில் சொல்வது 'பிரஷர் கிளினிக்'. (எங்களுக்கே நேற்றிரவுதான் சொன்னாள்.)

அந்தப் பிள்ளை இப்போது பேரப்பிள்ளை கண்டவள், வெளிநாட்டில் இருக்கிறாள். போன மாதம் தொலைபேசியில் எல்லோரும் மன்னிப்புக் கேட்டோம். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்ரை படம் ஒண்டும் உங்களிட்டை இருக்கே?" என்றாள். கடைசி வருட வகுப்புப் படத்தில் அவள் இல்லை. 1984 வலைப்பந்துக் குழுப் படத்தில் பின்வரிசையில் இடப்பக்கம் நிற்கிறாள், சிரித்தபடி. அவள் சம்மதத்தோடு அதை இம்மலரில் சேர்க்கக் கொடுத்திருக்கிறோம்.