தபாலில் வந்த உத்தரவில் அடுத்த பத்தி

(சபராளி குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



உங்களில் பாதிப் பேருக்கு நான் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு பாடத்தைத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அதைத் திருத்தத்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

டிடெய்ன், சீஸ், கான்ஃபிஸ்கேட், இம்பவுண்ட். இந்த நான்குக்கும் போர்டில் ஒரே அர்த்தம்தான் எழுதிப் போடுவேன்: பறிமுதல் செய்தல். பரீட்சைக்கு அது போதும், இரண்டு மார்க் வந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தாயார் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். மகன் பயணத்திலிருந்து வரும்போது, தங்கச்சி கல்யாணத்துக்கென்று கொண்டுவந்த சங்கிலியை விமான நிலையத்தில் எடுத்துக்கொண்டார்கள். பிறகு தபாலில் உத்தரவு வந்திருக்கிறது. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். கான்ஃபிஸ்கேட் என்ற வார்த்தை கண்ணில் பட்டது. “பறிமுதல் ஆயிடுச்சும்மா, இனி வராது” என்று சொல்லிவிட்டேன். அடுத்த பத்தியை நான் படிக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து அதே காகிதத்தை ஒரு வக்கீல் தம்பி பார்த்தார். அவர் அடுத்த பத்தியைப் படித்தார். அபராதம் கட்டினால் சங்கிலியை மீட்டுக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. 120 நாளுக்குள் கட்டியிருக்க வேண்டும். மேல்முறையீடு என்றால் 60 நாள், தக்க காரணம் காட்டினால் இன்னும் 30 நாள். எல்லாமே தாண்டியிருந்தது. அந்த அம்மா என்னை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதன் பிறகுதான் 1962-ஆம் வருட சுங்கச் சட்டத்தை வாங்கி உட்கார்ந்து படித்தேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் இந்த வார்த்தைகள் தனித்தனிப் பிரிவுகளில் இருக்கின்றன. ஒன்றுக்கு இருக்கும் வழி இன்னொன்றுக்கு இல்லை.

காகிதத்தில் டிடெய்ன் என்று இருந்தால் பொருள் இன்னும் உங்களுடையது. 80-ஆம் பிரிவு அப்படி. தங்கம் இருக்கிறது என்று நீங்களே உண்மையாக எழுதிக் கொடுத்து, “இதை இங்கேயே வைத்திருங்கள், திரும்பிப் போகும்போது கொண்டுபோகிறேன்” என்று கேட்டால், அதிகாரி அதை வைத்திருந்து நீங்கள் நாட்டைவிட்டுப் போகும்போது கொடுக்கலாம். போகும்போது வாங்க முடியாவிட்டால், நீங்கள் அதிகாரம் கொடுத்த வேறொரு பயணி மூலமாகவோ, உங்கள் பெயருக்கு சரக்காகவோ அனுப்பவும் அந்தப் பிரிவிலேயே இடம் இருக்கிறது. ஆனால் முதலில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பச்சை வழியில் நடந்து வந்து மாட்டிக்கொண்டவருக்கு இந்தப் பிரிவு உதவாது. தம்பிமார்கள் இதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சீஸ் என்று இருந்தால் கைப்பற்றியிருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. 110-ஆம் பிரிவு. 6 மாதத்துக்குள் விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். காரணத்தை எழுதிவைத்து இன்னும் 6 மாதம் நீட்டிக்கலாம். அதற்குள்ளும் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் பொருளைத் திருப்பித் தர வேண்டும். கொடுத்த விலாசத்தில் ஆள் இல்லாமல் நோட்டீஸ் திரும்பிப் போன வீடுகள் நம்மில் உண்டு. மகன் துபாயில், மருமகள் தாய்வீட்டில், கதவில் பூட்டு. தபால்காரர் என்ன செய்வார்?

கான்ஃபிஸ்கேட் என்றால்தான் பொருள் அரசாங்கத்துக்குப் போகிறது. அதற்கும் 125-ஆம் பிரிவில் அபராதம் கட்டி மீட்கிற வழி இருக்கிறது. எல்லாப் பொருளுக்கும் அந்த வாய்ப்பைத் தந்தே ஆக வேண்டும் என்றில்லை. தடை செய்யப்பட்ட பொருளுக்குத் தருவதும் மறுப்பதும் அதிகாரி கையில். நான் படிக்காமல் விட்ட பத்தி இதுதான்.

இனி பாஸ்போர்ட். நம் பக்கத்தில் பருத்தியிலும் சோளத்திலும் மாடு இறங்கினால் பவுண்டில் கொண்டுபோய் அடைப்பார்கள் அல்லவா? இம்பவுண்ட் என்ற வார்த்தைக்குள் இருப்பது அதே பவுண்டுதான். மாட்டை அடைக்கிற மாதிரி பாஸ்போர்ட்டை அடைத்து வைப்பது. போலீஸ் அதைச் செய்யலாமா என்ற கேள்வி சுரேஷ் நந்தா என்பவர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2008 ஜனவரியில் தீர்ப்பு. விசாரணைக்காக போலீஸ் பாஸ்போர்ட்டை சீஸ் பண்ணலாம், அது அந்த நேரத்தில் கைப்பற்றுவது. ஆனால் கைப்பற்றியதைத் தொடர்ந்து வைத்துக்கொண்டே இருந்தால் அது இம்பவுண்ட் ஆகிவிடும், அந்த அதிகாரம் 1967-ஆம் வருட பாஸ்போர்ட் சட்டப்படி பாஸ்போர்ட் அதிகாரிக்குத்தான் உண்டு என்று சொன்னார்கள். இரண்டு வார்த்தைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு நீதிபதிகள் புரட்டிய சட்ட அகராதி பி. ராமநாத ஐயர் தொகுத்தது. நம் மெட்ராஸ்காரர். நான் அதை அன்றே புரட்டியிருக்கலாம்.

பாஸ்போர்ட் இந்திய அரசாங்கத்தின் சொத்து. டிராவல்ஸ்காரரோ, கடன் கொடுத்தவரோ, கஃபீலோ அதை அடகு மாதிரி வைத்துக்கொள்ள உரிமை இல்லை. சவூதி, அமீரகம், கத்தார் சட்டங்களும் முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதை ஏற்பதில்லை. நடப்பது வேறு என்பது எனக்கும் தெரியும்.

ஒன்று மட்டும் விட்டுப்போகக் கூடாது. பொருளுக்கு டிடெய்ன் என்றால் லேசான வார்த்தை. மனிதனுக்கு அதே வார்த்தையில் உத்தரவு வந்தால் மிகக் கனமானது. அரெஸ்ட் பண்ணினால் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும், ஜாமீன் கேட்கலாம். ஆனால் 1982-ஆம் வருடச் சட்டப்படி, நாம் குண்டர் சட்டம் என்கிறோமே, அதில் டிடென்ஷன் உத்தரவு வந்தால் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். ஜாமீன் மனு போட்டுக் காத்திருந்து பிரயோஜனம் இல்லை. அறிவுரைக் குழுமத்துக்கும் ஹைகோர்ட்டுக்கும் போக வேண்டும். பிள்ளைக்கு எது வந்திருக்கிறது என்று கேட்டு, நகலை வாங்கிய பிறகு வக்கீலைப் பாருங்கள்.

பேங்கில் ஃப்ரீஸ், கோர்ட்டில் அட்டாச் என்று இன்னும் இருக்கிறது. ஜப்தி என்றால் நமக்கே புரியும். அதை இன்னொரு நாள் பேசுவோம், இன்ஷா அல்லாஹ். வீட்டில் இப்படிக் காகிதம் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். அஸருக்குப் பிறகு மஃக்ரிப் வரை இங்கேதான் இருப்பேன், வக்கீல் தம்பியும் இருப்பார். ஒரிஜினல் வேண்டாம், ஜெராக்ஸ் போதும். உறையையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். தேதி முத்திரை அதன் மேல்தான் இருக்கும்.