தொட்ட கையும் கழுவிய கையும்



தொட்டால் தீட்டு என்று நம் முன்னோரை விலக்கி வைத்தவர்கள், தொடுதலால் உண்மையில் பரவுவது எதுவென்று அறியார். 1847-இல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைசு என்னும் மருத்துவர் அதனைக் கண்டார். பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு பிரசவம் பார்த்தவர்கள், கற்றறிந்த மருத்துவரும் மாணவருமே! குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் அவர்களைக் கை கழுவச் செய்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த தாய்மார் சாவு, ஜூனில் ஏறத்தாழ 2 ஆயிற்று. கிருமி சாதி பார்ப்பதில்லை, படிப்பும் பார்ப்பதில்லை.

ஒலக்கூரில் இரயிலேறித் திண்டிவனம் சென்று வருகிறோம். கம்பியைப் பிடிக்கிறோம், சில்லறை வாங்குகிறோம், அதே கையால் வடையைப் பிட்டு வாயிலிடுகிறோம். வயிற்றுப்போக்கும் சளிக்காய்ச்சலும் இவ்வழியாகவும் வருவன. சோப்புத் தேய்த்து, விரலிடுக்கும் நகக்கண்ணும் விடாமல், 20 விநாடி கழுவுதல் வேண்டும். (உண்டபின் கழுவுவதில் நாம் கெட்டிக்காரர்கள், உண்ணுமுன்தான் மறதி.)

தண்ணீருக்கு எங்கே போவது என்பீர்கள். பொதுக் கிணறும் குளமும் எல்லார்க்கும் உரியன என்னும் தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டசபையில் கொணர்ந்து நிறைவேற்றியவர் இரட்டைமலை சீனிவாசன். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர், நமக்கு அண்டை ஊர்க்காரர். பேருந்து நிறுத்தத்தில் குழாய் வறண்டு கிடந்தால் ஊராட்சிக்கு மனு எழுதுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகள் இன்று நம் வீடுகளில் இருக்கிறார்கள்.