அணை எழாத ஆறு

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தின் வடக்கில், ஓசார்க் மேட்டுநிலத்தில், பாஸ்டன் மலைகளில் பிறக்கிறது பஃபலோ ஆறு. ஏறக்குறைய 240 கிலோமீட்டர் கிழக்கே வளைந்து நெளிந்து ஓடி ஒயிட் ஆற்றோடு கலக்கிறது. கரையோரம் சுண்ணாம்புப் பாறைகள் சுவராக எழும்புகின்றன. பிக் பிளஃப் என்ற பாறை சுமார் 150 மீட்டர் உயரம். பாறையடியில் பச்சை மடு, மடு முடிந்ததும் கூழாங்கல்மேல் சலசலக்கும் நீரோட்டம், மறுபடி ஒரு மடு. ஸ்மால்மௌத் பாஸ் என்ற வெண்கல நிற மீனுக்கு இந்த அமைப்புதான் வீடு. கல்லிடுக்கில் நன்னீர் இறால்போல் ஊரும் கிரேஃபிஷ் அதற்கு உணவு. வசந்தத்தில் நீர் 15 டிகிரியைத் தாண்டி வெதுவெதுப்பானதும் ஆண்மீன் வாலால் சரளையைத் துடைத்துக் குழி செய்கிறது. பெண்மீன் முட்டையிட்டுப் போனபின் குஞ்சுகள் கலையும்வரை காவல் நிற்பதும் ஆண்தான். வண்டல் படிந்தால் முட்டை மூச்சடைத்துச் சாகும். ஆகவே இந்த மீன் நிறைந்திருக்கும் இடத்தில் ஆறு தன் இயல்பில் ஓடுகிறது என்று நம்பலாம்.

இதற்குச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. ஒயிட் ஆறும் ஒரு காலத்தில் பாஸுக்குப் பேர்போனது. தட்டையான மரப்படகுகளில் நாட்கணக்காக மிதந்தபடி தூண்டில் போட வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். 1951-இல் அதன் குறுக்கே புல் ஷோல்ஸ் அணை கட்டி முடிந்தது. ஆழமான நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து திறக்கும் நீர் கோடையிலும் கை விறைக்கும் குளிர்ச்சி. வெதுநீர் மீனுக்கு அங்கே வாழ்வில்லாமல் போயிற்று. பஃபலோவிலும் கில்பர்ட், லோன் ராக் என இரண்டு இடங்களில் அணை கட்டத் திட்டமிருந்தது. மருத்துவர் நீல் காம்ப்டன் தலைமையில் ஓசார்க் சொசைட்டி எதிர்த்தது. 1965 இறுதியில் ஆளுநர் ஓர்வல் ஃபாபஸும் எதிர்ப்பின் பக்கம் வந்தார். 1972 மார்ச் 1 அன்று பஃபலோ அமெரிக்காவின் முதல் ‘தேசிய ஆறு’ ஆனது.

ஒயிட் ஆற்றின் அணை வெள்ளத்தைத் தடுக்கவில்லையா, மின்சாரம் தரவில்லையா என்பார்கள். தந்தது, மறுக்க முடியாது. குளிர்நீரில் டிரவுட் மீனை விட்டதால் ஊர்களுக்குப் பிழைப்பும் வந்தது. ஆனால் அந்த வளத்தின் பெரும்பகுதியை மீன்பண்ணைகள் தாங்குகின்றன, குஞ்சு வளர்த்து ஆற்றில் விடுவதை நிறுத்தினால் அது தேய்ந்துவிடும். பஃபலோவின் பாஸுக்கு அப்படி ஒரு பண்ணை தேவைப்படவில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. இந்தத் தேசிய ஆற்றுப் பூங்காவுக்காகத் தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தை அரசு கையகப்படுத்தியது; மனமில்லாமல் வெளியேறிய குடும்பங்கள் உண்டு. அந்த வலியை மீனைக் காட்டி ஈடுகட்ட முடியாது. அணை வந்திருந்தாலும் பள்ளத்தாக்கு நிலங்கள் நீருக்கடியில் போயிருக்கும் என்பது உண்மை. அதனால் இழந்தவர்களின் துயரம் குறைந்துவிடாது. பாக்ஸ்லி பள்ளத்தாக்கில் வேளாண்மை தொடர்கிறது; அங்கே இன்றும் தீவனப்புல் வயல்களுக்கு நடுவே ஆறு போகிறது. எல்லாப் பள்ளத்தாக்குக்கும் அந்த ஏற்பாடே நியாயமாக இருந்திருக்கும்.

பஃபலோ சிட்டி அருகே இரண்டு ஆறுகளும் சேர்கின்றன. கோடையில் அங்கே படகை நிறுத்தி, ஒரு கையைப் பஃபலோ நீரிலும் மறு கையை ஒயிட் நீரிலும் வைத்துப் பார்க்கலாம்.